முகம் மகாராணிக்கு, பாதம் எனக்கு

கோட் பாகா கிராமம், அமிர்தசரஸ் ஜில்லா
ஹாட் மாதம் 14, 1887

ரிசாலா தஃபேதார் வசாவா சிங் அவர்களுக்கு,

குருவின் கருணையால் இங்கே அனைவரும் நலம். பம்பாயில் கப்பல் ஏறும் முன் நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. மகாராணியின் ஐம்பதாம் ஆண்டு விழாவில் குதிரையோடு நிற்க ஜில்லாவிலேயே உம்மைத் தேர்ந்தெடுத்தது எங்கள் குடும்பத்துக்குப் பெருமை. விலாயத்தில் குளிர் அதிகமாம், நெஞ்சில் சளி கட்டாமல் பார்த்துக்கொள்ளவும். எருமை கன்று ஈன்றிருக்கிறது.
இப்படிக்கு, உமது மாமனார், கிரந்தி தேவா சிங்.

மேலே இருப்பது அப்பா சொல்லச் சொல்ல எழுதியது. இதற்குக் கீழே எழுதுவது நான், உங்கள் மனைவி நிஹால் கௌர். கடிதத்தைக் கீழே போட்டுவிடாதீர்கள்.

அப்பாவுக்கு இரண்டு வருடமாகக் கண்ணில் புரை. குருத்வாராவில் கிரந்த சாகிபை மனப்பாடமாக ஓதிவிடுகிறார், உங்கள் கடிதத்தை அப்படி ஓத முடியாதே. ஆகையால் மாமனாருக்கு என்று நீங்கள் எழுதிய அத்தனையும் படித்தது நான்தான். மாமனார் எழுதியதாக நீங்கள் படித்ததும் என் கையெழுத்துதான். இதுவரை பதினோரு கடிதம் வந்திருக்கிறது. அதில் எருமையை நான்கு தடவை விசாரித்திருக்கிறீர்கள். தங்கள் மகள் நலமா என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கணவன் அழைத்துப் போகாத பெண் கணவனுக்குக் கடிதம் எழுதுவது வெட்கங்கெட்ட வேலை என்று எனக்கும் தெரியும். ஆனால் கடலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டீர்கள். இந்த ஊரில் சண்டைக்குப் போன புருஷன் உண்டு, கோபித்துக்கொண்டு போன புருஷன் உண்டு, விழாவுக்குப் போன புருஷன் எனக்கு மட்டும்தான். கிணற்றடியில் தோழிகள் கேட்கிறார்கள், "ஏண்டி நிஹாலி, உன் ஆளு எப்படி இருப்பாரு?" நான் என்ன சொல்வேன்? கல்யாணத்தில் முக்காட்டுக்குள்ளிருந்து நான் பார்த்தது உங்கள் இரண்டு பாதங்களைத்தான். இடது காலில் சுண்டுவிரல் இல்லை. அதற்கு மேலே உள்ளதை எழுதி அனுப்புங்கள்.

முதல் தாளில் அப்பாவுக்கு எழுதி, கையெழுத்துப் போட்டுவிட்டு, அடுத்த தாளில் எனக்கு எழுதவும். ஜண்டா சிங் பெரியப்பா எழுத்துக்கூட்டிப் படிப்பார், ஆனால் முதல் தாளைத் தாண்ட அவருக்குப் பொறுமை கிடையாது.


லண்டன்
ஜூலை 22, 1887

(மாமனார் அவர்களுக்கு எழுதியது முதல் தாளில் முடிந்தது.)

கிரந்தி சாகிபின் மகளுக்கு,

உன் கடிதத்தை நின்றுகொண்டு படித்தேன். பிறகு உட்கார்ந்து படித்தேன். என் பக்கத்துக் கட்டில்காரன் மீர் தாத் கான், ஜீலம் நதிக்கரை ஆள், எல்லாவற்றுக்கும் சிரிப்பவன், அவனே பயந்துவிட்டான்.

"யாருடா செத்துட்டாங்க?" என்றான்.

"யாரும் சாகல. என் மாமனாருக்கு ஒரு பொண்ணு இருக்கு."

"கல்யாணம் பண்ணி மூணாவது வருஷத்துல கண்டுபிடிச்சியா? கெட்டிக்காரன்தான்."

நீ கேட்டதை எழுதுகிறேன். என் முகத்தைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ரெஜிமெண்ட் பதிவேட்டில் உள்ளதுதான். அதை அப்படியே தருகிறேன். உயரம் ஆறடி ஓர் அங்குலம். மார்பு முப்பத்தொன்பது. நிறம் கோதுமை. மூக்கு நேர். கண் பழுப்பு. பல் முப்பத்திரண்டு, குறையில்லை. அடையாளம்: வலது புருவத்தின் நடுவே வெட்டுத் தழும்பு, இடது காலில் சுண்டுவிரல் இல்லை, காபூல் பனியில் போனது. நடத்தை: மிக நன்று.

எருமையை விசாரித்ததற்குக் காரணம் உண்டு. எருமையைக் கேட்டால் தப்பில்லை. மகளைக் கேட்டால் மாமனார் என்ன நினைப்பாரோ என்று பேனா நின்றுவிடும். ஒவ்வொரு தடவையும் எருமை என்று எழுதியபோது நான் நினைத்தது எருமையை அல்ல. இதை நீ பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விழா நல்லபடியாக முடிந்தது. என் குதிரை மட்டும் ஒரு பாதிரியார் மனைவியின் தொப்பியில் இருந்த பூவைத் தின்றுவிட்டது. எங்கள் கூட்டம் அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறது. ஆனால் இன்று ஓர் உத்தரவு வந்திருக்கிறது. இந்துஸ்தானத்துச் சிப்பாய்களில் சிலரை வண்ணத்தில் வரைந்து அரண்மனைத் தாழ்வாரத்தில் மாட்டவேண்டுமாம். அது மகாராணியின் ஆசை. அதற்கு மீர் தாத்தையும் என்னையும் எடுத்திருக்கிறார்கள். ஒருவருக்கு நான்கு நாள் பிடிக்குமாம். அதிலென்ன, உட்கார்ந்திருக்கும் வேலைதானே.

வசாவா சிங், தஃபேதார்.


கோட் பாகா
சாவன் 31

(அப்பா சொன்னது முதல் தாளில்.)

சர்தார்ஜி,

பல் முப்பத்திரண்டு என்று படித்ததும் சந்தைக்கு மாடு வந்திருக்கிறதா என்று வாசலைப் பார்த்தேன். நடத்தை மிக நன்று என்பதை மட்டும் நான் நேரில் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

எருமையைப் பற்றிய நான்கு வரிகளையும் பழைய கடிதங்களில் தேடி எடுத்து மறுபடி படித்தேன். "எருமை நலமாக இருக்கிறதா, வேளைக்குச் சாப்பிடுகிறதா, மழையில் நனையாமல் பார்த்துக்கொள்ளவும்" என்று ஒன்று. பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நாலு நாளாகத் தனியே சிரிக்கிறேன், அவ்வளவுதான். அம்மா எனக்குக் காற்று கருப்பு பட்டுவிட்டதோ என்று மிளகாய் சுற்றிப் போட்டாள்.

இப்போது விளையாட்டில்லாமல் ஒன்று சொல்கிறேன், கவனமாகப் படியுங்கள். நமக்குக் கல்யாணம் ஆனது மக்கர் மாதம் பத்தாம் தேதி. முதல் வருடம் நீங்கள் வந்து முக்லாவா செய்து என்னைப் புகுந்த வீட்டுக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும், உங்கள் ரெஜிமெண்ட் எல்லைக்குப் போய்விட்டது. இரண்டாம் வருடம் இரட்டை. இரட்டைப்படை வருடத்தில் பெண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவதில்லை. இது மூன்றாம் வருடம். வருகிற மக்கர் பத்தாம் தேதியோடு இது முடிகிறது. அன்று பொழுது சாய்வதற்குள் நீங்கள் எங்கள் வாசலை மிதிக்காவிட்டால் நான்காம் வருடம் பிறந்துவிடும். பிறகு ஐந்தாம் வருடம்தான். அப்போது உங்கள் ரெஜிமெண்ட் எந்த மலையில் இருக்குமோ யார் கண்டது. எனக்கு இருபத்தொன்று முடிந்துவிட்டது.

அப்பா இதையெல்லாம் நம்புவதில்லை. நேற்று பெரியப்பாவிடம் வாதாடினார்.

"குரு நாளு கெழமை பாக்கச் சொல்லல அண்ணே."

"குரு சொல்லல. நம்ம ஆத்தா சொல்லிட்டுப் போயிருக்கா. குருகிட்ட நீ பேசிக்கலாம், ஆத்தாகிட்ட மேல போய் யாரு பதில் சொல்றது?"

அதோடு அப்பா எழுந்து எருமையைக் கட்டப் போய்விட்டார். அவர்கள் ஆத்தாளை உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும்.

ஆகவே நான்கு நாள் என்றால் நான்கே நாள் உட்காருங்கள். ஐந்தாம் நாள் எழுந்துவிடுங்கள். மகாராணி கேட்டால் நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இன்னொன்று. படம் வரைபவரிடம் காலையும் சேர்த்து வரையச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த உங்களையும் தெரியாத உங்களையும் ஒரே தாளில் பார்க்க ஆசை.


வின்ட்சர்
செப்டம்பர் 7

நிஹால் கௌருக்கு,

உன்னிடம் மறைத்துப் பயனில்லை. நிலைமை மோசம்.

எங்கள் கூட்டம் கப்பல் ஏறிப் போய்விட்டது. நானும் மீர் தாத்தும் மட்டும் இங்கே. படம் வரைபவர் பெயர் லிண்ட்னர் சாகிப். இங்கிலீஷ்காரர் அல்ல, ஜெர்மன் பாஷை பேசும் ஏதோ ஊர். ஒல்லியான ஆள், தாடியில் எப்போதும் மஞ்சள் வண்ணம் ஒட்டியிருக்கும். இரண்டு வருடம் லாகூரில் சுற்றியதால் நம் பாஷை அரைகுறையாக வரும். கண்ணாடிக் கூரை போட்ட அறையில் ஒரு நாற்காலியில் உட்கார வைக்கிறார். மீர் தாத்தை நான்கே நாளில் முடித்துவிட்டார். அவன் படத்தைப் பார்த்தால் இப்போதே ஏதாவது கேலி பேசிவிடுவான் போலிருக்கிறது.

என்னை மூன்று தடவை வரைந்தார். மூன்று தடவையும் கத்தியால் சுரண்டி எடுத்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் தலைப்பாகையும் தாடியும் அப்படியே இருக்கும், நடுவில் முகம் மட்டும் போயிருக்கும்.

"நீ எனக்குச் செவுரு குடுக்கிற," என்றார். "எனக்குச் செவுரு வேணாம். ஆளு வேணும்."

"சாகிப், இதுதான் என் மூஞ்சி."

"இது பரேட் மூஞ்சி. உன் மூஞ்சி எங்க வச்சிருக்கே?"

நான் என்ன செய்வேன்? பதினோரு வருடமாக நேரே பார் என்று சொல்லிச் சொல்லி, யாராவது உற்றுப் பார்த்தால் என் முகம் தானாக விறைத்துக்கொள்கிறது. சிரிக்கச் சொன்னார். சிரித்தேன். மீர் தாத் பார்த்துவிட்டு, "வேணாம்டா, குதிரை மெரளும்" என்றான். சோகமாக எதையாவது நினைக்கச் சொன்னார். காபூலில் செத்துப்போன என் குதிரையை நினைத்தேன். அப்போதும் சுவர்தானாம்.

இரண்டு படத்துக்கும் அரண்மனையிலிருந்து ஒப்புதல் வரும்வரை நாங்கள் அசையக்கூடாது என்று உத்தரவு. முகமே இல்லாமல் ஒப்புதல் எங்கிருந்து வரும்? மக்கர் பத்தாம் தேதி என்றால் இந்த ஊர்க் கணக்கில் நவம்பர் இருபத்துமூன்று, அதற்குள் வரவேண்டுமானால் அக்டோபர் இருபத்திரண்டாம் தேதிக் கப்பலைப் பிடித்தே ஆகவேண்டும். அதற்கு அடுத்த கப்பல் உதவாது. இரண்டு தடவை நாள் எண்ணிப் பார்த்துவிட்டேன்.

கால் விஷயத்தையும் கேட்டேன். பூட்ஸைக் கழற்றிக் காட்டினேன். லிண்ட்னர் சாகிப் என் காலைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "கால் நல்லா பேசுது," என்றார். "மூஞ்சி ஊமை." தாழ்வாரத்தில் மாட்டுவது கழுத்தோடு சரியாம், காலுக்கு இடம் இல்லையாம்.

எனக்கு இதுவரை எந்த வேலையிலும் கெட்ட பெயர் வந்ததில்லை. சும்மா உட்காரும் வேலையில் வந்துவிட்டது.

வசாவா சிங்.


கோட் பாகா
அஸ்ஸு 13

(அப்பாவுக்கு உங்கள் முதல் தாளைப் படித்தேன். அதில் நீங்கள் எழுதாத "விரைவில் வருவேன்" என்பதை நானே சேர்த்துப் படித்துவிட்டேன். பொய்யாக்கிவிடாதீர்கள்.)

சர்தார்ஜி,

ஒரு முகத்தைக் காட்டுவதற்கு ஓர் ஆணுக்கு இரண்டு மாதமா? இங்கே முக்காட்டுக்குள் இருக்கும் எங்களிடமே ஊர் முகம் கேட்கிறது, நாங்கள் எங்கேயாவது காட்டிவிடுகிறோம். உங்களுக்கு மறைக்க முக்காடுகூட இல்லை.

என் கோபத்தை முழுக்க எழுதினால் தபால் தலை போதாது. பெரியப்பா தினமும் வந்து விரல் விட்டு எண்ணுகிறார். "மாப்பிள்ளை அங்கேயே ஒரு மேம்சாகிபைப் பாத்துக்கிட்டாரோ என்னவோ. நாற்காலில உக்கார எவனுக்காவது ரெண்டு மாசம் ஆகுமா?" என்று வாசலில் நின்று சொல்கிறார், கிணற்றடி வரை கேட்கிறது. நான் புகுந்த வீடு போகும்போது போர்த்திக்கொள்ள அம்மா சிவப்புச் சால்வையில் பட்டு நூல் பூ போட்டுக்கொண்டிருக்கிறாள். இந்த மாதம் அவள் ஒரு பூகூடப் போடவில்லை, ஊசியைக் குத்தியபடி மூட்டைக்குள் வைத்துவிட்டாள். அதைப் பார்த்த அன்றுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

நீங்கள் வரவேண்டும். எனக்கு நீங்கள் வேண்டும். இதை எழுதிவிட்டுக் காது சுடுகிறது. வரியை அடிக்கவும் மனமில்லை, அப்படியே இருக்கட்டும்.

இந்த மனிதர் உனக்கு எதற்கு என்று கேட்பீர்கள், நான் பாதத்தைத் தவிர ஒன்றும் பார்க்கவில்லையே என்று. சொல்கிறேன். கல்யாணத்தன்று கிரந்த சாகிபைச் சுற்றி வருகிறோம். நீங்கள் முன்னால், நான் பின்னால். மூன்றாவது சுற்றில் ஒரு கிழவர் குறுக்கே வந்ததால் நீங்கள் ஓரடி பின்வாங்கினீர்கள், என் துப்பட்டாவின் நுனி உங்கள் இடது காலுக்கு அடியில் மாட்டிக்கொண்டது. நான் நகர்ந்தால் முக்காடு மொத்தமும் தலையிலிருந்து இறங்கிவிடும். சபை முழுக்க ஆட்கள். நான் அப்படியே நின்றுவிட்டேன். உங்களுக்கு அது காலில் தெரிந்திருக்க வேண்டும். காலைத் தூக்கிக்கொண்டீர்கள். பின்னாலிருந்து உங்கள் ஆட்கள், "நடடா, நடடா, தூங்கிட்டியா?" என்று தள்ளினார்கள். நீங்கள் நடக்கவில்லை. நான் நுனியை இழுத்துச் சரிசெய்யும்வரை, விரல் இல்லாத அந்தக் காலைத் தூக்கியபடி, கொக்கு போல நின்றீர்கள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிறகு ஒன்றும் நடக்காதது போல் நடந்தீர்கள்.

யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்திருப்பீர்கள். நான் கவனித்தேன். மூன்று வருடமாக நான் தினமும் நினைப்பது அதைத்தான். அந்தக் கால்காரருக்கு மூக்கு நேராக இருந்தாலும் சரி, கோணலாக இருந்தாலும் சரி, எனக்குச் சம்மதம்.

இனி உங்கள் பாடு, லிண்ட்னர் சாகிப் பாடு.

நிஹாலி.


வின்ட்சர்
அக்டோபர் 18

நிஹாலி,

என்ன நடந்தது என்று வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

போன வியாழக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது முகம் ஓடிக்கொண்டிருந்தது. லிண்ட்னர் சாகிப் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, இன்று போதும், டீ குடிக்கிறேன் என்றார். அப்போது மீர் தாத் தபாலோடு உள்ளே வந்தான். உறையில் உன் கையெழுத்து. சாகிப் டீ குடிக்கிறாரே என்று அங்கேயே பிரித்துவிட்டேன்.

நாற்காலியில் எவனாவது இரண்டு மாதம் உட்காருவானா என்ற இடத்தில் நான் சிரித்தேனாம். மீர் தாத் சொன்னான், எனக்குத் தெரியாது. ஊசியைக் குத்தியபடி வைத்த இடத்தை இரண்டு தடவை படித்தேன். பிறகு மூன்றாவது சுற்று வந்தது. அந்தத் துப்பட்டா நுனியைப் பற்றி நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ பார்த்திருப்பாய் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை.

அந்த இடத்தில்தான் சாகிப் கத்தினார். "அசையாதே! படி! படிச்சுக்கிட்டே இரு!"

நிமிரப் பார்த்தேன். "மேல பாக்காதே. கடிதாசிய பாரு." டீ எங்கே கொட்டியது என்று யாருக்கும் தெரியாது. தூரிகை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது. கடிதம் முடிந்துவிட்டது சாகிப் என்றேன். "மொதல்ல இருந்து படி" என்றார். உன் கடிதத்தை அன்று பதினேழு தடவை படித்தேன், மறுநாள் பன்னிரண்டு தடவை. பெரியப்பா பேசியது எனக்கு மனப்பாடம்.

வெள்ளிக்கிழமை மாலை படத்தைத் திருப்பிக் காட்டினார். அது யார் என்று எனக்கு உடனே பிடிபடவில்லை. மீர் தாத் வெகு நேரம் பார்த்தான், அவன் கேலி செய்யாததே எனக்குப் பயமாக இருந்தது. கடைசியில், "டேய் வசாவா, இப்படி ஒரு மூஞ்சிய வச்சுக்கிட்டா எங்க நடுவுல பதினோரு வருஷம் சுத்தின?" என்றான். கடிதம் படத்தில் இல்லை. கழுத்துக்குக் கீழே வரையவில்லை. ஆனால் கண் கீழே பார்க்கிறது, பார்ப்பவர் எல்லாரும் எதைப் பார்க்கிறான் என்று கேட்கப்போகிறார்கள். யாருக்கும் தெரியாது. உனக்கும் எனக்கும் தெரியும், மீர் தாத்துக்கும் பாதி தெரியும்.

திங்கட்கிழமை அரண்மனைக் காரியதரிசி வந்தார். வெள்ளை மீசை, நல்ல மனிதர். படம் ஏற்கப்பட்டது என்றார். சிப்பாய்க்கு என்ன பரிசு வேண்டும், கடிகாரமா, வெள்ளிக் கிண்ணமா என்று கேட்டார். மீர் தாத் கடிகாரம் வாங்கிக்கொண்டான். நான் சனிக்கிழமைக் கப்பலில் ஓர் இடமும், பம்பாயில் இறங்கியதும் இருபது நாள் விடுப்பும் கேட்டேன். தம் காதில் ஏதோ தப்பாக விழுந்துவிட்டது என்று அவர் இரண்டாம் தடவை கேட்டார். நான் இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். கொடுத்துவிட்டார்.

படத்தின் நகல் ஒன்று கேட்டேன், கிடையாதாம். அரண்மனைக்கு வரைந்ததை வேறு யாருக்கும் தரக்கூடாதாம். லிண்ட்னர் சாகிபுக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது. "மூஞ்சி மகாராணிக்கு. கால் யாரும் கேக்கல," என்றார். பூட்ஸைக் கழற்றச் சொல்லி, பென்சிலால் என் இரண்டு பாதங்களையும் ஒரு தாளில் வரைந்து கொடுத்தார். இதோடு வைத்திருக்கிறேன். உனக்குத் தெரிந்த பாகம்தான். சரியாக இருக்கிறதா பார்.

நான் வருகிறேன். அம்மாவிடம் ஊசியை எடுக்கச் சொல்.

வசாவா.


பம்பாய்
நவம்பர் 17

நிஹாலி,

செங்கடலில் இரண்டு நாள் இயந்திரம் கோளாறு. பாலைவனத்தைப் பார்த்தபடி நின்றோம். நான் கப்பல் தளத்தில் நடந்த நடையில் பஞ்சாபுக்கே வந்திருக்கலாம். மாலுமி ஒருவன், "சிங், நீ நடந்தா கப்பல் நகராது" என்றான். ஆனாலும் நடந்தேன்.

இன்று காலை இறங்கினேன். மாலை ரயில். இந்தக் கடிதமும் நானும் ஒரே ரயிலில்தான் வருகிறோம். யார் முந்துகிறோம் என்று பார்க்கலாம்.


கோட் பாகா, எங்கள் வீட்டுச் சமையல்கட்டு
மக்கர் 9

சர்தார்ஜி,

ரொட்டி சுற்றிய துணிக்கு அடியில் இதை வைக்கிறேன். பெரியப்பா சாப்பிட்டதும் கிணற்றுக்குப் போவார், அப்புறம் பிரியுங்கள். முற்றத்தில் உங்கள் பக்கத்தில் அப்பா மட்டும் இருப்பார். அவரைப் பற்றிக் கவலை வேண்டாம். நேற்று நீங்கள் வாசலை மிதித்த சத்தம் கேட்டதும் என்னிடம் மெதுவாக, "மாப்பிள்ளைக்கு மொதல் தாள் எழுதினது நானு. ரெண்டாம் தாள் நல்லா எழுதியிருக்கே போலிருக்கு, ஆள் வந்து சேந்துட்டாரு" என்றார். இத்தனை நாளும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான் அடுப்பங்கரைக்குள் ஓடிவிட்டேன்.

உங்கள் பம்பாய்க் கடிதம் இன்று காலைதான் வந்தது. நீங்கள் முந்திவிட்டீர்கள். பத்தாம் தேதிக்கு இரண்டு நாள் முன்பாகவே வந்ததில் பெரியப்பாவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான், சண்டைக்குத் தயாராக இருந்தார்.

பாதப் படத்தைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அது வந்த அன்று பெரியப்பா கையில்தான் உறை கிடைத்தது. நல்லவேளை, தாளைப் படிக்காமல் படத்தைப் பிடித்துக்கொண்டார். "விலாயத்துல காலைத்தான் படம் போடறானுங்களா?" என்று ஊரெல்லாம் காட்டினார். பக்கத்து வீட்டுப் பெரியம்மா பார்த்துவிட்டு, யாரோ மகானின் பாதம், மாப்பிள்ளை கடல் தாண்டிக் கொண்டுவரச் செய்திருக்கிறார் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பாரு, ஒரு வெரலையே தியாகம் பண்ணியிருக்காரு," என்றாள். நான் என்ன சொல்வது? அது என் புருஷன் கால் என்றால், உனக்கெப்படித் தெரியும் என்பார்களே. இப்போது மூன்று வீட்டுப் பெண்கள் தினமும் வந்து அதற்குச் சாமந்திப் பூ வைக்கிறார்கள். ஒருத்திக்குப் பல்வலி போய்விட்டதாம். ஆகவே எங்கள் ஊரில் இருக்கும்வரை யார் கண்ணிலும் படும்படி பூட்ஸைக் கழற்றாதீர்கள்.

நேற்றிலிருந்து கதவு இடுக்கு வழியாகப் பார்க்கிறேன். நேற்று நீங்கள் கால் கழுவியபோதே பார்த்தேன், எனக்குப் பிடித்தமான அந்தக் கால் சரியாக வந்து சேர்ந்திருக்கிறது. ஆனால் மேலே, லிண்ட்னர் சாகிப் சொன்னது நிஜம். பெரியப்பா ஒரு பக்கம், சித்தப்பாக்கள் ஒரு பக்கம், நடுவில் நீங்கள் நேரே பார்த்தபடி, சுவர். அந்தப் பாவப்பட்ட மனிதர் ஏன் நான்கு தடவை சுரண்டினார் என்று புரிந்துபோனது.

எனக்குச் சுவர் வேண்டாம். மகாராணிக்குக் கொடுத்த முகம் எனக்கும் வேண்டும். அவர் அதற்கு ஓர் ஓவியரை வைக்கவேண்டியிருந்தது. எனக்கு ஒரு தாளும் கதவு இடுக்கும் போதும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இப்போது புரிகிறதா? நிமிராதீர்கள். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். சமையல்கட்டுக் கதவுக்குப் பின்னால், மாவு பிசைந்த கையோடு, பத்தடி தூரத்தில். மெதுவாகப் படியுங்கள். இந்த வரிக்கு நீங்கள் வரும்போது நான் உங்கள் வலது புருவத்து வெட்டில் இருப்பேன். அடுத்த வரியில் மூக்கு, நேராக இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பற்களை எண்ணப்போவதில்லை, நீங்கள் சிரித்தால் தெரிந்துவிடும்.

எழுத எனக்கு விஷயம் தீர்ந்துவிட்டது, ஆனால் பார்த்து முடிக்கவில்லை, அதனால் பக்கத்தை நிரப்புகிறேன். கோதுமை விதைத்தாகிவிட்டது. அம்மா ஊசியை எடுத்து, சால்வையைப் போன வாரமே முடித்துவிட்டாள். நாளைக் காலை அதைப் போர்த்திக்கொண்டு நான் உங்கள் பின்னால் நடப்பேன், என் துப்பட்டா நுனியைப் பார்த்து நடங்கள். எருமை நலமாக இருக்கிறது. வேளைக்குச் சாப்பிடுகிறது. மூன்று வருடமாக மழையில் நனையாமல் உங்களுக்காகக் காத்திருந்தது.

கடிதம் இங்கே முடிகிறது. முடிந்ததே என்று நிமிர்ந்துவிடாதீர்கள். மறுபடி முதல் வரியிலிருந்து படியுங்கள்.